மலிவு விலை ஆபரேஷன்

கோயம்புத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன் என்று வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். பொய்யில்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் கம்ப்யூட்டரைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். அட்டையில் துளை போட்டு ஒரு ஜன்னலில் நீட்டுவோம். மறுநாள் அதே ஜன்னலில் தாள் வரும். தாளில் பெரும்பாலும் பிழை என்று இருக்கும். அந்தப் படிப்புக்கு எங்கும் வேலை கிடைக்காமல், சாந்தன்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் உதவியாளனாகச் சேர்ந்தேன். மண்வெட்டி, செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி, உரமூட்டை, மழைக்குக் கொடுக்கும் கம்பளி, இவைதான் என் பொறுப்பு.

எழுபதுகளின் கடைசி வருடம், ஐப்பசி மழையில், கொச்சியிலிருந்த ஹெட் ஆபீஸ் ஜீப்பில் மூன்று பெட்டிகளை அனுப்பியது. ஒன்றில் தட்டச்சு இயந்திரத்தையும் சின்ன டெலிவிஷனையும் ஒட்டவைத்ததுபோல ஒரு பொருள். இன்னொன்றில் தோசைக்கல் அகலத்துக்குச் சதுரமான கறுப்பு உறைகள்; அவற்றுக்குள் தகடுகள். மூன்றாவதில் ஒரு தடித்த புத்தகம். கூடவே மானேஜருக்கு ஒரு கடிதம்.

மானேஜர் கோட்டயத்துப் பக்கத்துக்காரர். பதினைந்து வருடமாகத் தமிழ்த் தொழிலாளிகளோடு பேசிப் பேசி, மலையாளமும் தமிழும் பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மொழியில் இருந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ படிச்சதல்லே? வாயிச்சு சொல்லு, எந்தா வேணும் இவங்களுக்கு."

படித்துச் சொன்னேன். கம்ப்யூட்டர் என்பது வெறும் பெட்டி. அதை எழுப்பி, சொன்ன வேலையைச் செய்யவைக்க ஒரு ஏற்பாடு வேண்டும். அதற்குப் பெயர் ஆபரேட்டிங் சிஸ்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெரிய இயந்திரங்களில் போடும் ஏற்பாடு ஒன்று உண்டு. விலை யானை விலை. அதையே பார்த்து, அதைப்போலவே, சின்னப் பெட்டிகளுக்காக யாரோ மலிவாகச் செய்திருக்கிறார்கள். அந்த மலிவு தேறுமா தேறாதா என்று சோதித்து, ஆறு வாரத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். எங்கள் கம்பெனியின் பன்னிரண்டு எஸ்டேட்டிலும் கம்ப்யூட்டர் என்ற சொல்லை விண்ணப்பத்தில் எழுதியிருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் பெட்டி இங்கே வந்திருக்கிறது.

"உனக்கு இது அறியுமோ?"

"தெரியாதுங்க. ஆனாப் புஸ்தகம் இருக்குதுங்க."

"பின்னே மதி, அது போதும்," என்றார் மானேஜர்.

மழைக்காலத்தில் ஆபீஸ் சுவரில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டும். ஈரம் ஆகாது என்று புத்தகம் முதல் பக்கத்திலேயே சொன்னது. எஸ்டேட்டில் எப்போதும் காய்ந்து சூடாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, ஃபேக்டரியின் மேல்மாடி. பறித்த கொழுந்தை வாட்டுவதற்காக நீளநீளமான தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து வெப்பக் காற்று விடுவார்கள். ஃபேக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். கொழுந்து வாசனைக்கு நடுவே ஒரு மேசை போட்டுப் பெட்டியை வைத்தேன். தகட்டை நுழைத்து விசையைத் தட்டியதும் திரையில் பச்சை எழுத்தில் உன் பெயர் என்ன என்று அது கேட்டது. ஆறு மாதப் படிப்பில் ஒரு இயந்திரமும் என்னிடம் பெயர் கேட்டதில்லை.

பெயரை அடித்து முடிப்பதற்குள் கீழே கொழுந்தைச் சுருட்டும் ரோலரை ஓட்டினார்கள். மின்சாரம் தாழ்ந்தது. திரை சுருங்கிச் சுருங்கிப் பட்டாணி அளவுக்கு வந்து அணைந்தது. ரோலர் ஓடும்போது கம்ப்யூட்டர் ஓடாது என்பது அறிக்கையில் நான் எழுதிய முதல் குறிப்பு.

இரண்டாவது குறிப்புக்குள் ஹெட் கிளார்க் வந்துவிட்டார். அவர் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். எந்த விஷயமானாலும் முதலில் ஒரு கோப்பு திறந்து, கயிறு கட்டி, தலைப்பு எழுதினால்தான் அது நடந்ததாகக் கணக்கு. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கோப்பின் முதுகில் அடங்கவில்லை. ஆகவே 'ஆபரேஷன்' என்று சுருக்கி எழுதினார்.

புத்தகத்தில் ஒரே சமயத்தில் ஆறு பேர் உபயோகிக்கலாம் என்று போட்டிருப்பதாக நான் வாய்தவறிச் சொன்னேன்.

"அப்போ ஆறு பேரைப் போட்டாகணுமோன்னோ," என்றார்.

"ஆறு பேரு உட்காரோணும்னா ஆறு திரை வேணுங்க. நம்மகிட்ட ஒண்ணுதானுங்க இருக்குது."

"திரை அவா பாடு. ஆள் நம்ம பாடாக்கும். ஆறுன்னு எழுதியிருக்கான்னா ரிக்கார்டுல ஆறு இருக்கணும்."

மானேஜர், ஹெட் கிளார்க், டீமேக்கர், ஃபீல்டு ஆபீசர், நான் என்று ஐந்து பேர் ஆயிற்று. ஆறாவதாக எஸ்டேட் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டரைச் சேர்த்தார். கோப்பின் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கம்பவுண்டர் தாமாகவே கேட்டு வந்திருந்தார்.

மறுநாள் காலை, தொழிலாளிகள் பெயர் கொடுக்க வரும் இடத்தில், நோட்டீஸ் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. மலிவு விலை ஆபரேஷன் ஒன்று ஃபேக்டரி மேல்மாடியில் சோதித்துப் பார்க்கப்படுகிறது. கம்பவுண்டர் உள்பட ஆறு பேர் கொண்ட குழு இதை நடத்தும். தொழிலாளர்கள் ஒத்துழைக்க வேண்டும்.

அந்த வருடங்களில் ஆபரேஷன் என்றால் மலையில் ஒரே அர்த்தம்தான். குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் ஆள் சேர்க்க அதிகாரிகள் பட்ட அவசரத்தை யாரும் மறக்கவில்லை. அதிலும் மலிவு, அதிலும் சோதனை, அதிலும் மேல்மாடி. ஏழரை மணிக்குள் ஆண்களில் பாதிப்பேர் காணாமல் போனார்கள். சிலர் ஏலக்காட்டுக்குள் போனார்கள். கல்யாணமாகாத இரண்டு பேர் பூப்பாறை போய் போடி பஸ் ஏறிவிட்டார்கள். பெண்கள் கூடையை இறக்கிவைத்து ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்தார்கள்.

எட்டு மணிக்கு யூனியன் செயலாளர் மேல்மாடிக்கு வந்தார். அவர் தூளை உலர்த்தும் டிரையரில் நிற்கும் தொழிலாளி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. நிதானமாகக் கேள்வி கேட்பார், பதிலைக் கேட்டுவிட்டு அதிலிருந்தே அடுத்த கேள்வி எடுப்பார். மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"கட்டில் எங்க சார்?"

"கட்டில் எதுக்குங்க?"

"ஆபரேசனுக்கு."

விளக்க அரைமணி நேரமாயிற்று. பெட்டியை எழுப்பிக் காட்டினேன். பெயர் கேட்டது. தேதி என்ன என்று கட்டளை அடித்ததும் தேதி சொன்னது. அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "தேதி சரியாத்தான் சொல்லுது," என்றார். ஓடிப்போனவர்களைக் கூப்பிட்டனுப்பினார். அத்துடன் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆனால் ஹெட் கிளார்க், வீண் சந்தேகம் வரக்கூடாது என்று, புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தை என்னிடம் தமிழில் எழுதி வாங்கி, அதையும் பலகையில் ஒட்டிவிட்டார். அது கோப்புகளின் அனுமதி பற்றிய அத்தியாயம். அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை ஆட்கள் உண்டு. உடையவர், அவருடைய குழு, மற்றவர். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக அனுமதி வைக்கலாம். உதாரணத்துக்கு நான் அடித்துவைத்திருந்த ஒரு சோதனைக் கோப்பைக் காட்டியிருந்தேன். உடையவர்: படிக்கலாம், எழுதலாம். குழு: படிக்கலாம். மற்றவர்: ஒன்றும் கூடாது.

மத்தியானம் செயலாளர் திரும்பி வந்தார். கையில் அந்தத் தாள்.

"சார், இந்த மத்தவர்னு போட்டிருக்கீகளே, அது யாரு?"

"உடையவரும் இல்லாம, குழுவுலயும் இல்லாதவங்க."

"குழுவுல ஆறு பேரு. அந்த ஆறுல தொழிலாளி யாரு?"

நான் எண்ணிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அப்ப மத்தவர்னா நாங்கதான். எண்ணூறு பேரு."

"இது சும்மா சோதனைக்குங்க."

"சோதனையிலயே இப்படின்னா, வாங்கினப்புறம் எப்படி சார் இருக்கும்?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அதற்கு அதில் அத்தியாயம் இல்லை.

"அது இருக்கட்டும், இதுல எல்லாருக்கும் மேல ஒருத்தர்னு எழுதியிருக்கீக. எந்த அனுமதியும் அவரைத் தடுக்காதாம். அவரு யாரு?"

எல்லாம் வல்ல பயனர் என்று நான்தான் மொழிபெயர்த்திருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டதுமே மானேஜர் அந்தப் பொறுப்பைத் தமக்கு எழுதிக்கொண்டிருந்தார். சொன்னேன். செயலாளர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே போனார்.

மூன்றாம் நாள் யூனியன் நோட்டீஸ் வந்தது. மற்றவருக்குப் படிக்கும் உரிமை வேண்டும், குழுவில் ஒரு தொழிலாளி வேண்டும், தவறினால் வேலைநிறுத்தம். மானேஜர் நோட்டீஸை இரண்டு முறை படித்தார். போனஸுக்கு வந்த நோட்டீஸ் அவருக்குத் தெரியும், கம்பளிக்கு வந்தது தெரியும். இது என்ன வகை என்று என்னைக் கேட்டார்.

"அனுமதி வகைங்க," என்றேன்.

இரண்டாவது கோரிக்கையை உடனே ஒப்புக்கொண்டார்கள். கம்பவுண்டரை நீக்கினார்கள், அவருக்கு வருத்தம்தான். அவர் இடத்தில் செயலாளர் தம் மனைவியை நிறுத்தினார். அவர் கொழுந்து பறிப்பவர், எஸ்டேட் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர், ஆங்கில எழுத்து தெரியும். சொந்த மனைவியை நிறுத்தினார் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. வேறு யாரும் அந்த மேல்மாடிக்கு வரத் தயாராயில்லை என்பதுதான் நிஜம்.

ஆறு பேருக்கும் ரகசியச் சொல் வைக்க வேண்டும். ஹெட் கிளார்க் ஒரு ரெஜிஸ்டர் கொண்டுவந்து, பெயர், பதவி, ரகசியச் சொல், கையெழுத்து என்று கட்டம் போட்டிருந்தார். எல்லோரும் வரிசையாக வந்து சொன்னார்கள். டீமேக்கர் சத்தமாகத் தம் ஊர்ப்பெயரைச் சொன்னார். மானேஜர் நாயின் பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டியும் காட்டினார். அந்த அம்மாள் முறை வந்தது.

"ரகசியச் சொல் என்ன, சொல்லு," என்றார் ஹெட் கிளார்க்.

"அதச் சொல்லப்பிடாதுல்லா," என்றார் அவர்.

"ரெஜிஸ்டர்ல ஏத்தணுமாக்கும்."

"ரகசியம்னுதான சொன்னீக. எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க."

எல்லோரும் திரும்பி நின்றோம், மானேஜர் உள்பட. ஒரு விரலால் எழுத்தெழுத்தாக அழுத்தும் சத்தம் கேட்டது. அந்தக் குழுவில் ரகசியச் சொல் என்றால் என்ன என்று புரிந்துகொண்டது அவர் ஒருவர்தான் என்று நான் அப்போது நினைத்தேன். ஹெட் கிளார்க் விடவில்லை. கட்டம் காலியாக இருந்தால் ஆடிட்டில் கேட்பார்கள் என்றார். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அம்புட்டு வேணும்னா, கீழ டிரையர்ல நிக்கறவுக பேரு என்னன்னு அவுககிட்டயே கேட்டு எழுதிக்கிடுங்க," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் சொல்லாத கணவர் பெயர் அது. ஹெட் கிளார்க் கீழே போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

முதல் கோரிக்கைதான் இழுத்தது. அனுமதி வைப்பதும் எடுப்பதும் நிர்வாகத்தின் உரிமை என்று மானேஜர் நின்றார். ஒரு கட்டளை அடித்தால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லிப்பார்த்தேன். அதனால்தான் அடிக்கக்கூடாது என்றார்கள் இரு தரப்பும். கடைசியில் சமரசம் பேச லேபர் ஆபீசரை வரவழைத்தார்கள். களைத்துப்போன மனிதர். மழையில் ஜீப்பில் வந்து, மேல்மாடி ஏறி, கொழுந்துத் தட்டுகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்து, இரு தரப்பையும் கேட்டார். பிறகு யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"அந்த ஃபைலில எந்தாணு எழுதியிருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சோதனைக்காக எதையோ அடிச்சதுங்க. பார்க்க ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லேன்னா ஏன் சார் அடைச்சு வச்சீக?" என்றார் செயலாளர்.

திறந்து காட்டுவது என்று முடிவாயிற்று. கீழே ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தினால்தான் பெட்டி எழும். நிறுத்தச் சொல்லி மானேஜர் ஆளனுப்பினார். தொழிலாளிகள் மறுத்துவிட்டார்கள். வேலையை நிறுத்தினால் சட்டவிரோதம் என்று நாளைக்கு நிர்வாகமே சொல்லும், எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். தயவுசெய்து வேலையை நிறுத்தும்படி வேண்டிக்கொள்கிறோம் என்று மானேஜர் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். செயலாளர் அதை வாங்கிப் படித்து, தேதி போடவில்லை என்று திருப்பி அனுப்பி, தேதியோடு வாங்கிக்கொண்டார். ரோலர்கள் நின்றன. அந்த அமைதியில் தகரக் கூரைமேல் மழை கேட்டது.

மற்றவர்கள் சார்பில் அந்த அம்மாளே படிப்பது என்று ஏற்பாடு. நான் அனுமதியைத் திறந்துவிட்டேன். அவர் உட்கார்ந்து, தம் பெயரையும், எங்களைத் திரும்பச் சொல்லிவிட்டு ரகசியச் சொல்லையும் அடித்து, கட்டளையை அடித்தார். பெட்டியில் ஆங்கில எழுத்துத்தான் உண்டு. அதில் நான் தமிழை அடித்திருந்தேன். அவர் எழுத்துக்கூட்டி, உரக்க, இடைவெளி விட்டுப் படித்தார்.

"இன்று மழை. நேற்றும் மழை. நாளையும் மழை பெய்யும்."

லேபர் ஆபீசர் குறித்துக்கொண்டார்.

"மெஸ்ஸில் தினமும் மரவள்ளிக் கப்பைக்கிழங்கு. எனக்குக் கப்பைக்கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை. மானேஜரின் நாய் என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது. ஊருக்குப் போக வேண்டும் போல் இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை."

அவ்வளவுதான். முதல் வாரம் ஒரு மத்தியானம், வேறு என்ன அடிப்பது என்று தெரியாமல் அடித்தது. எனக்கு இருபத்துநாலு வயது. அந்த மாடியில் அப்போது முப்பது பேராவது நின்றிருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த அம்மாள் நாற்காலியிலிருந்தே திரும்பினார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா தம்பி. இதுக்குப்போயி பெட்டிக்குள்ள பூட்டி வச்சுக்கிட்டு."

"எந்த ஊர் சார் உங்களுக்கு?" என்று கேட்டார் செயலாளர்.

"முதலமடைங்க. பாலக்காட்டுக்குக் கிழக்க. மாந்தோப்பு நிறைய இருக்குமுங்க."

"அங்க என்ன சாப்பிடுவீக?"

"அரிசியும் பருப்பும் ஒண்ணா வேகவச்சு ஒரு சாப்பாடுங்க. கொள்ளுப் பருப்புங்க. அப்புறம் ராயிக் களி," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். லேபர் ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தம் அன்றே கையெழுத்தாயிற்று. ஒன்று, சோதனைக் கோப்புகளை மற்றவர் படிக்கலாம், எழுதக்கூடாது. இரண்டு, குழுவில் ஒரு தொழிலாளி என்றும் இருப்பார். மூன்று, ஸ்டாஃப் மெஸ்ஸில் வாரம் இரண்டு நாள் கப்பைக்கிழங்குக்குப் பதில் அரிசிச் சோறு. நாயைப் பற்றி ஒரு ஷரத்து சேர்க்கச் செயலாளர் பார்த்தார். நாய் நிர்வாகத்தின் தனி உரிமைக்கு உட்பட்டது என்று மானேஜர் உறுதியாக நின்றார். விட்டுக்கொடுத்தார்கள்.

மெஸ் சமையல்காரருக்கு அரிசிச் சோறு சரியாக வரவில்லை. அது வேறு கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மாள் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒரு தூக்குச் சட்டியில் கொள்ளுக் குழம்பு கொடுத்தனுப்பினார். எங்கள் ஊர்ச் சுவை இல்லை, தெற்கத்திக் காரம். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன்.

மீதி மூன்று வாரத்தில் நிஜமான சோதனையைச் செய்தேன். அந்த மலிவு ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்தில் முடிந்துவிடும். ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளையின் வாயில் ஊட்டலாம். மின்சாரம் தாழ்ந்தபோதெல்லாம் விழுந்ததே தவிர, தானாக விழவில்லை. புத்தகம்தான் மோசம், எழுதியவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, படிப்பவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். பதினோரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஆறு பேர் ஒருவர்பின் ஒருவராக வரிசையில் நின்று உபயோகித்தார்கள் என்பதை ஹெட் கிளார்க் தனியாக இணைத்தார்.

அறிக்கையைப் படித்துவிட்டு ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்தார். நல்ல சட்டை, நல்ல குடை. மாடி ஏறி, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். குறை ஏதாவது உண்டா என்றார்.

"ஒண்ணு இருக்குதுங்க. அழிக்கச் சொன்னா, நெசமாத்தானா அப்படின்னு ஒரு வார்த்தை கேக்கறதில்லீங்க. ரெண்டெழுத்து அடிச்சு நட்சத்திரக் குறி போட்டுட்டா இருக்கறது எல்லாம் போயிருமுங்க."

"அதெங்ஙனே?" என்றார் மானேஜர். ஆறு வாரமாக எல்லாம் வல்ல பயனராக இருந்தும் அவர் ஒரு கட்டளைகூட அடித்ததில்லை. அதிகாரியின் முன்னால் ஒன்றாவது செய்துகாட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, நாயின் பெயரை அடித்து உள்ளே போய், நான் சொன்ன இரண்டு எழுத்தையும் நட்சத்திரத்தையும் அடித்தார். நான் கையை நீட்டுவதற்குள் பொத்தானைத் தட்டிவிட்டார்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது.

"எந்தா ஆயி?" என்றார் மானேஜர்.

"எல்லாம் போயிருச்சுங்க. என்னோட கோப்பு, எல்லாத்தோட கோப்பும். மழையும் போயிருச்சுங்க."

அதிகாரி குனிந்து காலியான திரையை வெகுநேரம் பார்த்தார். "எதிர்க்கேள்வி கேட்காமல் செய்கிறது," என்றார், திருப்தியாக. நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதமே ஹெட் ஆபீஸுக்கு அந்த ஏற்பாட்டை வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் குணத்துக்காகத்தான் வாங்கினார்கள் என்று நம்புகிறேன்.

பெட்டியைத் தேயிலைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் உடைந்த தூள் திணித்து, ஜீப்பில் ஏற்றினோம். நீயும் கொச்சிக்கு வருகிறாயா என்று அதிகாரி என்னைக் கேட்டார். நான் இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். செயலாளரும் அவர் மனைவியும் ஃபேக்டரி வாசலில் நின்றிருந்தார்கள். ஜீப் திருப்பத்தில் மறைந்ததும் அந்த அம்மாள் என்னிடம் வந்து, "அழிச்சதுல எம் பேரும் போச்சா தம்பி?" என்று கேட்டார்.

"கோப்புதானுங்கக்கா போச்சு. பேரும் ரகசியச் சொல்லும் வேற எடத்துல இருக்குமுங்க. அது அப்படியே கொச்சிக்குப் போகுது."

அவர் கணவரை ஒருமுறை பார்த்தார். "அப்ப இவுக கொச்சிக்குப் போறாக," என்றார். பிறகு இரண்டு பேரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். மேலே நான் மேசையை நகர்த்திய இடத்தில் டீமேக்கர் அதற்குள் கொழுந்து பரப்பச் சொல்லியிருந்தார்.